தொண்டையில் நின்ற ஏரி

"என் இடது கண்ணிலேருந்து விழுந்த ஒரே ஒரு இமைமுடி, நூத்தம்பது அடி உசர அணைக்கட்டு ஒண்ணை ஒரு வருஷம் பூரா நிறுத்தி வெச்சுது" என்று வரைபடம் வரைகிற ஒடீல் அறிவித்தபோது அலுவலகச் சிற்றுண்டிச் சாலையே குலுங்கிச் சிரித்தது. காப்பியைப் புரையேறவிட்டவர்கள் இருவர். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். அவருக்குத்தான் அன்று பிரிவுபசாரம். லார்ன் கில்கிறிஸ்ட். ஒட்டாவாவில் அந்த அரசாங்க வரைபட அலுவலகத்தின் எந்திரத்துக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர், இருபது வருஷம் அதற்குத் தாதியாக இருந்தவர். அவர் முன்னால் கனடா வடிவத்தில் ஒரு கேக் இருந்தது. கிழக்கு ஓரத்து நியூஃபவுண்ட்லாந்தை யாரோ முன்னாடியே தின்றுவிட்டிருந்தார்கள்.

"பொய்" என்றார் லார்ன்.

"பாருங்க, இவருக்கு மட்டும் வயிறு எரியுது" என்றாள் ஒடீல்.

"வயிறு எரியல. என் புரோகிராமுக்கு முடின்னா என்னன்னு தெரியும். முடியைத் தூக்கி வீசத்தான் அதை எழுதினேன். இந்தக் கதையை நீ கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் சொல்றே. இன்னைக்காவது என்னை விட்டுரு."

"இன்னைக்கு விட்டா அப்புறம் யார்கிட்ட சொல்றது? இவங்கல்லாம் சிரிக்கத்தான் லாயக்கு. நம்பாத ஆளு நீ ஒருத்தன்தான்."

சிரித்தவர்களில் யாருக்கும் அது என்ன கதை என்று முழுதாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அந்த எந்திரம் வந்த புதிதில், ஊரில் மனிதர்களைவிட அதற்குத்தான் மரியாதை. ஒரு மாடி முழுக்க அது குடியிருந்தது. வெளியே பனிக் காலத்தில் பேசிய வார்த்தை காதுக்குப் போகுமுன் உறைந்து நடைபாதையில் விழும். வசந்தத்தில் அதை மிதித்துக்கொண்டு போகிறவனுக்குப் போன வருஷத்து வசவெல்லாம் கேட்கும். அந்த ஊரில் எந்திரத்துக்கு மட்டும் நாள் முழுதும் அளந்த குளிர், அளந்த ஈரம். வேலை செய்கிற பெண்களுக்கோ ஒரே ஒரு வெந்நீர்க் குழாய், அதிலும் சூடு வருவது புதன்கிழமைதான்.

வேலை இதுதான். நாட்டில் எங்கே நல்ல மண், எங்கே பாறை, எங்கே சதுப்பு என்று எல்லைகளைக் கண்ணாடி மாதிரியான ஃபிலிமில் கறுப்பு மையால் வரைய வேண்டும். அந்தத் தாளை ஓர் உருளையில் சுற்றிச் சுழற்றுவார்கள். உருளையை ஒட்டி ஒரு கண் நகரும். கறுப்பு தெரிந்த இடமெல்லாம் அது ஒரு புள்ளியைக் காந்த நாடாவில் எழுதிக்கொள்ளும். பிறகு எந்திரம் அந்தப் புள்ளிகளைக் கோடாக்கும், கோடுகளை வேலியாக்கும், வேலிக்குள் எத்தனை ஏக்கர் என்று சொல்லும். இதையே கையால் செய்தால், ஒட்டாவாவில் உள்ள அத்தனை பேரையும் உட்கார வைத்து அளந்தாலும், கடைசி ஆள் முடிக்கும்போது முதல் ஆளின் பேரன் ஓய்வுபெற்றிருப்பான்.

எந்திரத்துக்கு ஒரே ஒரு குறை. கறுப்பாக எது தெரிந்தாலும் அது எல்லை என்று நம்பிவிடும். வரைகிற பெண்களில் ஒருத்தி வெர்னா; அவள் வீட்டுப் பூனையின் முடி ஒன்று தாளில் ஒட்டிக்கொண்டு, பரந்த கோதுமை வயலுக்கு நடுவே புது மாவட்டம் ஒன்றை உண்டாக்கிவிட்டது. அதற்கு ஒரு வரி அதிகாரியை நியமிப்பதற்குள் நல்ல வேளையாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வரைகூடத்தின் தலைவர் தாக்கபெரி சட்டம் போட்டார். ராணுவத்தில் வரைபடம் போட்டவர், மீசைக்குக்கூட வலை கட்டியிருப்பார் போல. கம்பளிச் சட்டை கூடாது. முகத்துக்குப் பவுடர் கூடாது. தலையைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். வெளிச்ச மேசை முன்னால் யாரும் அழக் கூடாது. ஃபிலிமில் உப்பு படும்.

"கண்ணிமைக்கும் துணி கட்டணுமா, மிஸ்டர் தாக்கபெரி?" என்று ஒடீல் கேட்டாள்.

"கட்ட முடிஞ்சா கட்டச் சொல்லியிருப்பேன்" என்றார் அவர். வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

லார்னும் தன் பங்குக்குப் புரோகிராமில் இரண்டு விதிகள் சேர்த்தார். ஒரு முனையாவது எதிலும் தொடாமல் தொங்குகிற கோடு முடியாகத்தான் இருக்கும், தூக்கி வீசு. இது முதல் விதி. வேலிக்குள் அடைபட்ட ஒவ்வொரு துண்டுக்கும் வரைகிறவர்கள் ஓர் எண் போடுவார்கள். எண் இல்லாத துண்டு ஏதாவது அகப்பட்டால் அது குப்பை, கணக்கில் சேர்க்காதே. இது இரண்டாவது. "எண் இல்லாதது இல்லவே இல்லாதது" என்று லார்ன் எழுதி எந்திர அறைக் கதவில் ஒட்டியிருந்தார். அழகான வாக்கியம். கல்லறை வாசலிலும் ஒட்டலாம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கருப்பாற்று அணையின் வேலை வந்தது. மின்சாரக் கம்பெனி ஒன்று ஆற்றைக் கட்டி ஏரியாக்கப் போகிறது. ஏரி எவ்வளவு பரக்கும், எவ்வளவு நிலம் மூழ்கும் என்று எந்திரம் சொல்ல வேண்டும். அதன் முதல் பெரிய வேலை. அமைச்சர்வரை காத்திருந்தார்கள். வரைய வேண்டியவள் வெர்னா. அவள் காய்ச்சலில் படுத்துவிட, தாள் ஒடீலின் மேசைக்கு வந்தது.

கருப்பாறு ஒடீலின் ஊர். அது தாக்கபெரிக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை ஒடீல் ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹல் பக்கத்துப் பிரெஞ்சுக்காரி, சூப்பில் பட்டாணி போடுகிறவள், அவ்வளவுதான். அவள் சொல்லியிருக்கலாம், சொன்னால் வேறு யாருக்காவது தந்திருப்பார். சொல்லவில்லை. வேறு யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டே அப்பாவின் வீட்டை மூழ்கடிப்பதைவிடத் தன் கையாலேயே செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

அப்பா தெலெஸ்போருக்கு நுரையீரல் போய்விட்டிருந்தது. வாலிபத்தில் மர அறுவை ஆலைத் தூள், பிற்பாடு வைக்கோல் தூள். அடுத்த கிறிஸ்மஸைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே வாரம் கம்பெனிக்காரனும் வந்து சொல்லிவிட்டுப் போனான்: ஜூன் மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும், வீடுகளைக் கொளுத்திவிட்டுத்தான் தண்ணீரை விடுவோம், மரச்சட்டம் மிதந்து வந்தால் மதகு அடைத்துக்கொள்ளும். நகரத்தில் முதியோருக்கு மூன்றாம் மாடியில் அறை இருக்கிறது, ஜன்னலில் இருந்து கார் நிறுத்துமிடம் தெரியும்.

"என் கட்டில்லேருந்து ஆறு தெரியும்" என்றார் தெலெஸ்போர். "அதைப் பார்த்துட்டே போறேன்னுதான் முடிவு பண்ணியிருக்கேன். காரைப் பார்த்துட்டுச் சாக நான் என்ன மெக்கானிக்கா?"

ஒடீல் மை பேனாவை எடுத்தாள். அடியில் கிடந்த பழைய வரைபடத்தில் அப்பாவின் வீடு ஒரு சின்னக் கறுப்புச் சதுரம், கடுகளவு. ஏரியின் கரைக்கோடு அந்தக் கடுகுக்கு மேலே, நன்றாக மேலே, மலைச் சரிவில் போனது. கூரைக்கு மேல் தேவாலயக் கோபுரம் ஒன்றை நிறுத்தினாலும் மூழ்கும். ஊருக்குச் சற்றுக் கீழே இரண்டு மலையும் நெருங்கி வருகிற இடத்தை ஊரில் தொண்டை என்பார்கள். அங்கே இரு கரைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடுகிற மாதிரி வந்தன. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே தாளில் ஓர் இமைமுடி நீளம்தான். நிலத்தில் கால் மைல்.

அந்த இடம் வந்தபோது அவளால் முடியவில்லை. சட்டத்தை மீறி அழுதாள். சத்தமில்லாமல், தலையை மட்டும் நன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஃபிலிமில் உப்பு படாமல். புறங்கையால் இடது கண்ணைக் கசக்கினாள். ஏரிக்குள் போட வேண்டிய எண்ணை அணைக்குப் பக்கத்தில், அகலமான இடத்தில் போட்டாள். ஏரி ஒன்றுதானே, எண்ணும் ஒன்று போதும்.

"ஆச்சா? மேலேருந்து ரெண்டு தடவை போன் வந்துருச்சு" என்று தாக்கபெரி கதவருகே நின்றார்.

"மை காயலை, மிஸ்டர் தாக்கபெரி."

"போற வழியில காயும்."

தாளை விரித்தபடியே தூக்கிக்கொண்டு அவரே ஓடினார். திரும்ப ஒருமுறை பார்க்க அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் எந்திரம் தன் பதிலைச் சொன்னது. கம்பெனி இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த ஏரியில் பாதிகூட இல்லை. அந்தத் தண்ணீரில் ஒரு விளக்குமாற்றுத் தொழிற்சாலையைக்கூட ஓட்ட முடியாது. கூட்டம் கூட்டினார்கள். எந்திரம் போட்டுத் தந்த ஏரியைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதன் ஒரு நுனி சுருண்டுகொண்டே இருந்ததால் பிடித்துக்கொள்ள ஒடீலை வரச் சொன்னார்கள்.

கம்பெனியின் தலைமை இன்ஜினியர் அடுப்பில் வைத்த கெண்டி போலச் சீறினார். "தண்ணி ஏன் இங்க வந்து நிக்குது? இந்த இடத்துல? யாராவது சொல்லுங்கய்யா! அணை கீழ இருக்கு, மேல பள்ளம் கிடக்கு, தண்ணி என்ன உள்ள வரலாமான்னு கேட்டுக்கிட்டா நிக்கும்?"

"தொண்டையில பாறைமேடு இருக்கும்" என்றார் லார்ன். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான், கழுத்து நேராக நிற்கும். "உங்க உயர அளவெல்லாம் பனி மூடியிருக்கும்போது விமானத்திலேருந்து எடுத்தது. நீங்க தப்பு பண்ணியிருப்பீங்க. எந்திரம் தப்பு பண்ணாது."

"நான் அந்த இடத்துல நின்னு மீன் புடிச்சிருக்கேன்!"

"எந்திரம் மீன் புடிக்கிறதில்ல சார். அதனாலதான் அதை நம்பறோம்."

அமைச்சகத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒரு மாடி நிறையப் பணத்தைக் கொட்டி வாங்கிய எந்திரம். அதை முதல் நாளிலேயே பொய்யன் என்று யார் சொல்வார்கள்?

ஒடீல் தாளின் நுனியைப் பிடித்தபடி தொண்டையைப் பார்த்தாள். இரு கரைக்கும் நடுவே ஏரியை அறுத்துக்கொண்டு ஒரு கோடு. நேர்கோடில்லை. மெல்ல வளைந்து, நுனியில் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் இமை மாதிரி. அவள் அப்படி ஒரு கோட்டை வரையவே இல்லை. கை தானாக இடது கண்ணுக்குப் போனது.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஈர மையில் விழுந்த முடி இரு பக்கமும் ஒட்டிக்கொண்டது. தொங்குகிற முனை இல்லை, ஆகவே முதல் விதி அதைத் தூக்கி எறியவில்லை. ஏரி இரண்டாயிற்று. கீழ்ப்பாதியில் எண் இருந்தது, மேல்பாதியில் இல்லை. எண் இல்லாத தண்ணீர் இல்லாத தண்ணீர். அந்தக் கோட்டுக்கு மேலே, காய்ந்த நிலத்தில், கடுகளவு வீட்டில், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒடீல்" என்றார் தாக்கபெரி. "நீதானே வரைஞ்சே? கோடெல்லாம் சரிதானே?"

அறை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏரி உடனே நிரம்பிவிடும்.

"நான் வரைஞ்ச கோடெல்லாம் சரி, மிஸ்டர் தாக்கபெரி" என்றாள்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

வசந்தத்துக்குப் பிறகு அளவையாளர்கள் போய்த் தொண்டையில் பாறைமேட்டைத் தேடட்டும் என்று முடிவாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒடீல் பேருந்து பிடித்து ஊருக்குப் போனாள். அடுப்பில் பீன்ஸ் மேப்பிள் பாகில் வெந்துகொண்டிருந்தது. அப்பா கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு பனிக்கட்டிக்கு அடியில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கும்போதே அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பா இருமலா என்று பிரிக்க முடியவில்லை.

"உன் இமையா? என் அம்மாவுக்கும் அப்படித்தான், மாட்டுக் கண் இமை. சரியான சொத்துதான் விட்டுட்டுப் போயிருக்கா."

"அப்பா, மெதுவா. மூச்சு வாங்குது பாருங்க."

"வாங்கட்டும், இப்பத்தான் அவகாசம் இருக்கே. இங்க பாரு புள்ள, இன்னொரு கண்ணு சும்மாதானே இருக்கு? அதுலேருந்தும் ஒண்ணைப் பிடுங்கி வை. அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

அவர் நம்பினார். ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. பால்காரனிடம் சொன்னார், பாதிரியாரிடம் சொன்னார், ஊசி போட வந்த நர்சிடம் சொன்னார்: என் மகள் கண்ணைச் சிமிட்டி அணையை நிறுத்திட்டா. நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று பாதிரியார் ஒடீலிடம் மெல்லச் சொன்னார். "இருக்கும் ஃபாதர்" என்றாள் அவள்.

கோடையில் அளவையாளர்கள் வந்தார்கள். கருப்பாற்றுக் கொசுக்களும் அவர்களுக்காகவே பட்டினி கிடந்திருந்தன. முக்காலியோடு சேர்த்து ஓர் அளவுக் கருவியை அவை தூக்கிக்கொண்டு போனதாக ஊரில் சொல்வார்கள். முக்காலி மட்டும் திரும்பக் கிடைத்தது. வழி கேட்டவர்களுக்கெல்லாம் தெலெஸ்போர் கட்டிலில் இருந்தபடியே வழி சொன்னார், ஒவ்வொரு வழியும் சதுப்பில் போய் முடிந்தது. அங்கே பாறைமேடு இல்லை என்று அவர்கள் எழுதி முடிப்பதற்குள் முதல் உறைபனி விழுந்துவிட்டது. குளிரில் கான்கிரீட் போட முடியாது. வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள். காய்ச்சல் தேறி எப்போதோ வந்துவிட்டிருந்த வெர்னா ஏரியைப் புதிதாக வரைந்தாள், பெரிய தலைத்துணியோடு, மை காயும்வரை யாரையும் அருகில் விடாமல். இம்முறை ஏரி முழுதாக வந்தது. பழைய தாளை அலுவலக வழக்கப்படி துண்டு துண்டாக வெட்டிக் கொளுத்தினார்கள். சாட்சி அதோடு போயிற்று.

நவம்பரில் ஒரு மத்தியானம் தெலெஸ்போர் இறந்தார். ஆறு அப்போதுதான் ஓரங்களில் உறைய ஆரம்பித்திருந்தது. நடுவில் ஓர் ஒற்றைக் கறுப்புக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

துக்கத்துக்கு ஒட்டாவாவிலிருந்து தாக்கபெரியும் லார்னும் காரில் வந்தார்கள். லார்ன் கையில் ஒரு தட்டு, அதில் அவர் மனைவி மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்டு அனுப்பிய அப்பம். கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி ஜெபமாலை நடந்துகொண்டிருக்க, லார்ன் அடுக்களையில் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒடீலுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஏரி நின்றது எதனால் என்று சொன்னாள்.

லார்ன் தட்டை மேசையில் வைத்தார், கொஞ்சம் பலமாகவே.

"நீ துக்கத்துல பேசறே."

"துக்கத்துல பேசலை லார்ன். முடி ரெண்டு கரையிலயும் ஒட்டிக்கிச்சு."

"ரெண்டு பக்கமும் மையில ஒட்டணும், அதே தொண்டையில விழணும், அதே நேரத்துல விழணும். இமைமுடிக்கு வேற வேலை இல்லையா? அது உயர அளவுத் தப்பு. கம்பெனிக்காரன் தப்பு."

"கம்பெனிக்காரன் தப்புன்னா, வெர்னா வரைஞ்சப்ப எப்படி முழுசா வந்துச்சு?"

"அவங்க அளவைத் திருத்திட்டாங்க."

"திருத்தலை. மேடே இல்லைன்னுதானே எழுதியிருக்காங்க."

"ஒடீல், நான் அந்த ரூம்ல எழுந்து நின்னு, எந்திரம் தப்பு பண்ணாதுன்னு சொன்னவன்." அவர் குரல் தாழ்ந்தது. "அமைச்சர் எனக்குக் கை கொடுத்தார். அது ஒரு முடின்னா, நான் யாரு?"

கூடத்தில் ஜெபம் நின்றது. பெட்டியைத் தூக்க ஆள் குறைகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். லார்ன் போய்த் தோள் கொடுத்தார்.

மறு கோடையில் வீடுகளைக் கொளுத்தினார்கள். தெலெஸ்போரின் வீடு காய்ந்த தேவதாரு, எரிய நேரமே எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி மட்டும் உருகிக் கீழே வழிந்தது. கல்லறைகளைத் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள். எட்டு மாதம்தான் ஆகியிருந்ததால் அவர் பெட்டி கலையாமல் முழுதாகவே ஏறியது. இலையுதிர் காலத்தில் தண்ணீர் தொண்டையைத் தாண்டியது. ஒடீல் மேட்டில் நின்று பார்த்தாள். ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேராக உள்ளே போனது.

அதற்குப் பிறகுதான் அவள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிய ஆரம்பித்தது. கிறிஸ்மஸ் விருந்தில், பதவி உயர்வில், பிறந்தநாளில். ஒவ்வொரு தடவையும் அணை பத்தடி உயர்ந்தது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஜனங்கள் சிரிக்கும்போது அவளும் சிரிப்பாள். அப்பாவுக்குப் பிறகு அதை நம்புகிறவர் யாரும் இல்லை என்ற இடத்தில், சிரிப்பாவது இருக்கட்டும் என்பதுபோல.

லார்ன் மட்டும் சிரிக்கவே மாட்டார். "பொய்" என்பார். வருஷா வருஷம்.

ஆகவே பிரிவுபசார நாளிலும் அவர் பொய் என்றார், அவளும் விடவில்லை.

"நீ இன்னைக்கு வீட்டுக்குப் போறே. நாளையிலேருந்து எந்திரத்துக்கும் உனக்கும் ஒட்டு உறவு கிடையாது. இப்பக்கூட ஒத்துக்கக் கூடாதா?"

"சாட்சி காட்டு, ஒத்துக்கறேன்."

"தாளைத்தான் கொளுத்திட்டாங்களே."

"அப்ப விடு."

சொல்லிவிட்டு லார்ன் கையிலிருந்த கேக்கைப் பார்த்தார். மனிடோபாத் துண்டு. தட்டைக் கீழே வைத்தார். எழுந்து, தன் பிரிவுபசாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"மனுஷனைக் கோவிச்சுக்க வெச்சுட்டியே" என்றாள் வெர்னா. ஒடீலுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. கேக் கிழக்கிலிருந்து மேற்காகக் கரைந்துகொண்டே வந்தது.

வடமேற்கு மூலையில் யூகான் மட்டும் மிஞ்சியிருந்தபோது கதவு திறந்தது. லார்ன் ஒரு நீண்ட தாளைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். எந்திரம் அச்சடிக்கும் மடிப்புத் தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பழைய நாடாவெல்லாம் திங்கட்கிழமை அழிக்கிறாங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "புதுசா எழுத இடம் வேணுமாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான்தான். அந்த நாடா கடைசி அலமாரியில இருந்துச்சு. தாளைத்தான் எரிச்சோம். உருளையோட கண்ணு பார்த்த புள்ளியெல்லாம் அப்படியே உள்ள இருக்கு. எனக்கு எப்பவும் தெரியும் அது இருக்கும்னு. ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கலை."

"ஏன்?" என்றாள் வெர்னா.

லார்ன் தாளைச் சுவரோரமாகத் தரையில் விரித்தார். ஜனங்கள் நாற்காலிகளை நகர்த்தி இடம் விட்டார்கள். தாள் முழுக்க எக்ஸ் எக்ஸாக அச்சு. ஒவ்வொரு புள்ளியையும் பத்து மடங்கு பெரிதாக்கியிருந்தார். இரண்டு முனையிலும் இரண்டு பட்டைகள், ஏரியின் இரு கரைகள். அவற்றுக்கு நடுவே, ஒரு பசுமாட்டு நீளத்துக்கு, வளைந்து நுனி தூக்கி நின்றது அது.

ஒடீல் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"பேனாக் கோடு எப்பவும் ரெண்டு புள்ளி அகலம்" என்றார் லார்ன். அவரும் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். அவர் விரல் கரைக்கோட்டின் மேல் போனது. "இங்க பாரு, ரெண்டு. இங்கயும் ரெண்டு. உன் கை எங்கயும் தவறலை. இப்ப இதைப் பாரு. இந்தக் கரையில தொடங்கும்போது ரெண்டு. அதுதான் வேர். அப்புறம் ஒண்ணு. கடைசிவரைக்கும் ஒண்ணுதான், அந்தக் கரை மையில போய் முட்டற வரைக்கும். எந்தப் பேனாவும் இப்படி மெலியாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒடீலின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தாளை, பிறகு மறுபடி முகத்தை.

ஒடீல் கோட்டுக்கு மேல்பக்கத்து வெள்ளைத் தாளில் ஓர் இடத்தில் கையை வைத்தாள். அங்கே அச்சே இல்லை. எந்திரத்துக்குத் தெரியாத இடம்.

"இங்கதான் வீடு" என்றாள். "கட்டில் இந்தப் பக்கம்."

"நவம்பர்வரைக்கும்" என்றார் லார்ன்.

"நவம்பர்வரைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க எதுவும் இல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்கப்பா பெட்டியைத் தூக்கினப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன்" என்றார். "அவ்வளவு லேசா இருந்துச்சு, ஒரு முடியே தாங்கிடற மாதிரி. ஆமா ஒடீல். நடந்துச்சு."